மூன்று நாற்பது விமானமும் கவுஞ்சிக் கல்யாண வேனும்

லோடு ஷீட் என்றால் என்னவென்று என் கணவர் தனராஜுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர் அவர். ஊரில் யாராவது விசாரித்தால், "எஸ்தர் ஏர்லைன்ஸ்ல இருக்கா. பிளேன்ல எத்தன மூட்டை ஏத்தலாம்னு சொல்ற சோலி" என்பார். கேட்டவர்கள் என்னை ஏதோ லாரி ஆபீஸ் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நான் திருத்தியதில்லை. அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை.

போன மாதம், மதுரை விமான நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒரு வேன் பிடித்து மலைக்கு வந்திருந்தார்கள். ஏரியைச் சுற்றிவிட்டு அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். லோடு ஷீட்டை இப்போது நிலையத்தில் யாரும் போடுவதில்லையாம். வேறு ஏதோ ஊரில் ஒரு ஹாலில் உட்கார்ந்து எல்லா ஊர் விமானத்துக்கும் கணினியிலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்களாம். அவர்களோடு வந்த, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண் ஒருத்தி, "ஒரே வரியில சொல்லுங்க மேடம், இது நல்ல வேலையா, மோசமான வேலையா?" என்றாள். எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. "டீ ஆறுது, குடிம்மா" என்று சமாளித்துவிட்டேன். அவர்கள் போனபிறகு அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது சில நாட்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அவற்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் ஆரம்பத்தில் கொடைக்கானல் கடைவீதியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவள். விமான கம்பெனி மதுரையில் ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன், கிடைத்தது. சென்னையில் சில வாரம் பயிற்சி, ஒரு பரீட்சை, அதில் ஒரு தடவை தோல்வி, மறுபடி எழுதி வெற்றி. இரண்டாயிரமாவது வருடம் பிறந்த சமயம் லோடு மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வேலை இதுதான். விமானம் கிளம்புமுன் அதில் எத்தனை பேர், எவ்வளவு பெட்டி, எவ்வளவு சரக்கு, எது முன்னால், எது பின்னால் என்று ஒரு தாளில் கணக்கிட்டுக் கேப்டனிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் கதவு மூடும். எடை கூடினால் ஓடுபாதை போதாது. எடை சரியாக இருந்தாலும் வால் பக்கம் அதிகமானால் மூக்கு தூக்கிக்கொள்ளும். எங்கள் ஊருக்கு வந்துபோனது பக்கத்துக்கு ஒரு விசிறி வைத்த, அறுபத்தைந்து பேர் உட்காரும் சின்ன விமானம். பெரிய விமானத்தில் நூறு கிலோ பிசகினால் அது தும்மிவிட்டுப் போகும். சின்னது அப்படி விடாது.

என் மேலதிகாரி வைத்தியநாதன் சார். நிலைய மேலாளர். ஒல்லி. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. காதோரம் ஒரு பென்சில். லோடர் முதல் கேப்டன் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க'தான். பிரச்சினை பெரிதாகப் பெரிதாக அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போகும். அவர் கிசுகிசுத்தால் ஏதோ பெரிய சங்கதி என்று நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். யார் ஓடிவந்து எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வாக்கியம்: "தெரிஞ்சதைச் சொல்லுங்க. நினைக்கிறதை அப்புறம் கேக்கிறேன்."

அதை எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது மல்லிகைப் பூவை வைத்து. காலை விமானத்தில் மதுரை மல்லி கூடை கூடையாகப் போகும். ஒரு நாள் எடைச் சீட்டில் இருநூற்று நாற்பது கிலோ என்று இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். சார் வந்தார். ஒரு கூடைக்கு அடியில் விரலை வைத்தார். நனைந்த விரலை எனக்குக் காட்டினார்.

"எஸ்தர், பூ குளிச்சிருக்கு. எடை போட்டது குளிக்கிறதுக்கு முன்னயா, பின்னயா?"

மறுபடி நிறுத்தோம். வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீர் மட்டும் இருபத்திரண்டு கிலோ. அவர் திட்டவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தச் சீட்டைப் பார்த்தாலும் முதலில் கூடையின் அடியைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

சிரமங்கள் இல்லாமல் இல்லை. நான்கு நாள் கீழே மதுரையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், இரண்டு நாள் மேலே வீடு. ஸ்வெட்டரோடு பஸ் ஏறி, வத்தலக்குண்டில் அதைக் கழற்றி, மதுரையில் விசிறிக்கொண்டு இறங்குவேன். ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததால் வயிற்றுக்கு எது காலை, எது இரவு என்று தெரியாது. பத்து வருடத்தில் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி ஒரு முறைதான் வீட்டில் இருந்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இருபத்தேழாம் தேதி. தனராஜ் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் கொண்டாடி முடிச்ச பொறகுதான் பேக்கரியில கேக்கு நெறைய கெடைக்குது" என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்களால் இரண்டு கிறிஸ்துமஸ். நான் விடுப்பு கிடைத்து இருபத்தைந்திலேயே வீட்டில் இருந்த அந்த ஒரு வருடம், "என்ன ஆன்ட்டி, இந்தத் தடவை நமக்கு ஒண்ணுதானா?" என்று வருத்தப்பட்டார்கள்.

வேலையின் பெரிய லாபம் என்று எல்லோரும் பொறாமைப்படுவது ஊழியர் டிக்கெட். குடும்பத்தோடு கிட்டத்தட்ட சும்மா பறக்கலாம். அதன் மறுபக்கத்தை யாரும் கேட்பதில்லை: இடம் மிச்சமிருந்தால்தான் ஏறலாம். இல்லாவிட்டால் பெட்டியோடு ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

என் மாமியார் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நான் இந்த வேலைக்குச் சேர்வதற்கு முப்பது வருடத்துக்கு முன் கப்பலில் மண்டபம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். அங்கே சண்டை நின்றிருந்த ஓரிரு வருடத்தில் நான் அவரை ஊழியர் டிக்கெட்டில் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். விமானம் ஏறி, பணிப்பெண் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் இறங்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள்.

"என்னா புள்ள இது! தண்ணிக் கப்பல்ல விடிய விடிய வாந்தி எடுத்துக்கிட்டு வந்தோம். இப்ப ஒரு டொஃபி சப்பி முடிக்கல?"

அக்காவும் தங்கையும் ஒரு வாரம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் கேட்கும். திரும்பும் நாள் அக்காவும் வழியனுப்பக் கொழும்பு வந்து ஒரு சொந்தக்காரர் வீட்டில் எங்களோடு தங்கினார். விமான நிலையத்தில் இடம் இல்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாளும் இடம் இல்லை. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங் கம்பெனிக்காரன்ட்ட நாளைக்கும் எடம் இல்லன்னு சொல்லச் சொல்லு புள்ள" என்றார். மூன்றாம் நாள் இடம் கிடைத்தது. நான்தான் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்.

இனி ஒரு ஐப்பசி மாத நாளுக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் எனக்கு மிகவும் கடினமான நாள் எது என்று கேட்டால் அதுதான். மிகவும் சந்தோஷமான நாள் எது என்று கேட்டாலும் அதுதான்.

மூன்று நாளாக மழை. எனக்கு மதியம் ஒரு மணி ஷிப்ட். காலை பஸ்ஸில் கிளம்பினேன். பெருமாள்மலையில் பஸ் நின்றுவிட்டது. கீழே வத்தலக்குண்டு போகும் சாலையில் மண் சரிந்து, ஒரு மரமும் பாறையும் குறுக்கே கிடப்பதாகச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் வழி திறக்காது. இறங்கி நடந்தேன். நின்ற வண்டிகளின் வரிசையில் முன்கண்ணாடியில் சாமந்தி மாலை கட்டிய ஒரு வேன். உள்ளே பட்டுச்சேலையும் குல்லாவுமாகப் பத்துப் பதினொரு பெண்கள்.

"கல்யாணமா? எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"பம்பாய்க்கும்மா" என்றார் முன்னால் இருந்த அம்மாள். பெயர் பாண்டியம்மா என்று பிறகு தெரிந்தது. "கவுஞ்சியில இருந்து வர்றோம். இவ எங்க அண்ணன் மக முருகேஸ்வரி. நாளைக்கு வெள்ளனே அங்க முகூர்த்தம். மாப்பிள வீட்டுக்காரவுக எல்லாருக்கும் பிளேன் டிக்கெட்டு போட்டுட்டாக. எங்க அண்ணனும் ஆம்பளையாளுகளும் பாதிப் பெட்டி படுக்கையோட முன்னால வேன்ல போயிட்டாக. அவுக தாண்டுனாக, மண்ணு விழுந்துருச்சு."

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மதுரையிலிருந்து மூன்று நாற்பதுக்குச் சென்னை, அங்கிருந்து மாலை விமானத்தில் பம்பாய். மூன்று நாற்பது எங்கள் விமானம். நான் லோடு ஷீட் போடவேண்டிய விமானம்.

முருகேஸ்வரி இருபத்திரண்டு வயதுப் பெண். அழவில்லை, பதறவில்லை. "அக்கா, நமக்காக பிளேன் நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸுக்குக் கை காட்டுவதுபோல் கேட்டாள். 

பெருமாள்மலையில் இன்னொரு வழி பிரிகிறது. பழனிக்கு இறங்கி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று சுற்றி மதுரை போகலாம். கடையோரம் இருந்த போன் பூத்தில் நுழைந்து நிலையத்தைக் கூப்பிட்டேன்.

"சார், எஸ்தர் பேசுறேன். பெருமாள்மலையில இருந்து."

"இப்ப மணி?"

"பத்து இருபது."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

சொன்னேன். மொத்தம் இருபத்திரண்டு பேர், பதினொரு பேர் கீழே, பதினொரு பேர் இங்கே, பழனி வழி, வேன் நல்ல வேன்.

"மூணு மணிக்கெல்லாம் வந்துருவோம்னு நினைக்கி..."

"நினைக்கிறதை அப்புறம் கேக்கிறேன். நீங்களும் அந்த வேன்லயே வாங்க. பழனியில எறங்கினதும் கூப்பிடுங்க. அவங்க பெட்டி எடை எனக்கு முன்கூட்டியே வேணும். குத்துமதிப்பு வேண்டாம்."

"நடுவழியில தராசுக்கு எங்க சார் போவேன்?"

போனை வைத்துவிட்டிருந்தார்.

நான் ஏறி உட்கார்ந்ததும் பாண்டியம்மா ஓட்டுநரைப் பார்த்து, "ஏலே, வெரசா ஓட்டு. ஆனா உசுரோட ஓட்டு" என்றார். வேன் கிளம்பியது. கொண்டையூசி வளைவுகளில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். அதற்கிடையில் என் வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பெயர்ப் பட்டியல் எழுதினேன். கைப்பையில் என்னென்ன இருக்கக்கூடாது என்று சொன்னேன். பாண்டியம்மா கொஞ்சம் யோசித்து, திருஷ்டி எலுமிச்சை வெட்ட வைத்திருந்த கத்தியை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். அதைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் ஆகிற காரியங்களை வேனுக்குள்ளேயே முடித்துக்கொண்டு வந்தோம். மிச்சம் எடைதான்.

"தராசுதான வேணும்?" என்றார் பாண்டியம்மா. "ஒட்டன்சத்திரத்துல நாங்க மூட்டை போடுற கமிஷன் கடை இருக்குல்ல?"

பழனியில் ஒரு போன் செய்துவிட்டு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குள் வேனை விட்டோம். கமிஷன் கடைக்காரர் ஓடிவந்தார்.

"என்னக்கா, இந்த மழையில பூண்டா கொண்டாந்தீக?"

"பூண்டு இல்லப்பா, பொண்ணு!"

ஏழு உருப்படிகளை மேடைத் தராசில் ஏற்றினோம். நூற்று நாற்பத்து மூன்று கிலோ. பெண்களையும் நிறுக்கவேண்டுமா என்று பாண்டியம்மா கேட்டார். வேண்டாம், எங்கள் கணக்கில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே எடைதான் என்றேன். அவர் முருகேஸ்வரியைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். "எனக்கும் இவளுக்கும் ஒரே எடைன்னா நீங்க என்னத்தம்மா கணக்குப் பாக்குறீக?" என்றார். மார்க்கெட்டே சிரித்தது.

அங்கிருந்தே போன் செய்தேன்.

"நூத்தி நாப்பத்தி மூணு. எந்தத் தராசு?" என்றார் சார்.

"கமிஷன் கடைத் தராசு. சர்க்கார் முத்திரை இருக்கான்னு பாத்துட்டேன், சார்."

பென்சிலால் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லது" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'நல்லது'.

திண்டுக்கல்லில் மணி இரண்டு முப்பத்தைந்து. மூன்று நாற்பதுக்கு முன் போய்ச் சேர முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மறுபடி பூத்துக்குள் போனேன். "நிப்பாட்டி வைப்பீங்களா சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்களே இப்படிக் கேக்கலாமா? வாங்க" என்றார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

வேனுக்குள் வந்து அவர்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "பிளேன் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றேன்.  முருகேஸ்வரி, "நீங்க ஒங்க சோலிய முடிச்சிட்டீகக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிலையத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் வேன் ஆட்கள் நேரத்துக்கு வந்து, பெட்டிகள் விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டன. மூன்று இருபதுக்கு ஏறச் சொன்னபோது பெண்ணின் அப்பா பொன்னையா, "எங்க புள்ள வராம நாங்க அங்க போயி யாருக்குத் தாலி கட்டப் பாக்குறது?" என்று உட்கார்ந்துவிட்டார். பதினொரு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறாத பயணியின் பெட்டி விமானத்தில் போகக்கூடாது. அது மாற்றவே முடியாத விதி. அடியில் கிடக்கும் பெட்டிகளைத் தேடி இறக்க, லோடர்கள் கணக்கில் இருபது நிமிடம். சார் பென்சிலால் ஒரு தாளில் அதை எழுதி, கேப்டனிடம் காட்டினாராம். "எறக்கினாலும் இருபது நிமிஷம், காத்திருந்தாலும் இருபது நிமிஷம். நாலு மணி வரைக்கும் காத்திருந்தா உங்க டியூட்டி நேரத்துக்குள்ள வருதா?" வந்தது. சென்னைக்குப் பேசினார். அவர்களும் சரி என்றார்கள்.

பிறகு பயணிகள் முன் அவரே போய் நின்று நடந்ததை உள்ளபடி சொல்லியிருக்கிறார். ஒருவர் எழுந்து, "யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க ஏன் சார் காத்திருக்கணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"நியாயமான கேள்வி. நாலு மணிக்கு அவங்க இல்லன்னா இன்னும் இருபது நிமிஷம் பெட்டி எறக்கிட்டு நீங்க போகலாம். அதுக்கு முன்னால வந்துட்டா அந்த இருபதும் மிச்சம். நீங்களே சொல்லுங்க" என்றாராம் சார்.

எங்கள் வேன் உள்ளே நுழைந்தபோது மூன்று நாற்பத்தேழு. விமானம் கதவு திறந்து நின்றது. நான் அதைப் பார்த்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பதினொரு பெண்களும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். சோதனைகளில் ஒன்றையும் விடவில்லை, எல்லாம் முறைப்படிதான். எங்கள் தராசில் பெட்டிகள் நூற்று நாற்பத்து நான்கு கிலோ. அந்த ஒரு கிலோ மழை.

ஆனால் ஓடுபாதை நனைந்திருந்தது, விமானம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பொன்னையா கொண்டுவந்து, இன்னும் ஏற்றாமல் வைத்திருந்த மூன்று சாக்கு மூட்டைகளில் ஒன்றுதான் போகலாம், அதுவும் முன்பக்கத்தில்தான் என்று கணக்கு சொன்னது. இதை எப்படிப் புரியவைப்பது என்று தயங்கிக்கொண்டே அவரிடம் போனேன். நான் பாதி சொல்லும்போதே தலையாட்டினார்.

"குதிரை முதுகுல ஏத்துறதுதானம்மா? ஒரு பக்கம் கூடுச்சுன்னா எறக்கத்துல கவுத்துரும். பூண்டு போகட்டும். கேரட்டு ரெண்டும் இங்கயே கெடக்கட்டும்."

அதுவரை பதினேழு வருடம் கூடவே வாழ்ந்த என் கணவருக்குப் புரியாதது கவுஞ்சி விவசாயிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கேப்டன் என் தாளில் கையெழுத்துப் போட்டார். கதவு மூடியது. கேள்வி கேட்ட அந்த மனிதர் தன் ஜன்னலோர இருக்கையை முருகேஸ்வரிக்குக் கொடுத்தார் என்று பணிப்பெண் பிறகு சொன்னாள். அடுத்தடுத்த இருக்கை, ஒரே வரிசை. என் கணக்குக்குப் பங்கம் இல்லை. மறுநாள் காலை பம்பாயிலிருந்து பாண்டியம்மா போன் செய்தார். தாலி ஏறிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பூண்டைப் பார்த்து அசந்துவிட்டார்கள், தான் விமானத்தில் வாந்தி எடுக்கவில்லை என்று மூன்று செய்தி. அந்த வாரம் முழுக்க நிலையத்தில் எல்லோர் வீட்டிலும் கேரட் பொரியல்.

விமானம் போன அந்தச் சாயங்காலம், நான் மழையில் நனைந்த தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு சார் அறைக்குப் போனேன். என் ஷிப்ட் ஒரு மணிக்கு. நான் வந்தது மூன்று நாற்பத்தேழுக்கு. வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்கு விளக்கம் எழுதவேண்டும். பதிவேடு அவர் மேசையில் திறந்தே கிடந்தது. என் பெயருக்கு நேரே அவரே பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதியிருந்தார். வேலை தொடங்கிய நேரம்: பத்து இருபது. பணியிடம்: பெருமாள்மலை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல்.

இரண்டு முறை படித்தேன். 

"பத்து இருபதுக்கு ஆரம்பிச்சிருக்கீங்க. உங்க ஷிப்ட் முடியப்போகுது" என்றார், தலையை நிமிர்த்தாமல். "வீட்டுக்குக் கிளம்புங்க."

"எப்படி சார்? ரோடு அடைச்சில்ல கெடக்கு. மறுபடி பழனியச் சுத்தியா போறது?"

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முழுக்கைச் சட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து லோடர்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு புதுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப உக்காருங்க. ஆறு மணி விமானத்துக்கு லோடு ஷீட் போடுங்க."

உட்கார்ந்தேன்.